ஒரு எஸ்டேட் காரும் ஓர் இருக்கையின் உயரமும்

1. வேண்டாம் என்று சொல்லச் சொன்னவர்

“நீங்க வண்டியப் பாத்துட்டு வேணாம்னு சொல்லிடுங்க மேடம். நான் சொன்னேன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க.”

பழைய கார் வாங்குகிறவர்களுக்காக வண்டியைப் பரிசோதித்து அறிக்கை தருவது என் வேலை. நல்லது என்று எழுதச் சொல்லி விற்பவர்கள் கேட்பது உண்டு. வேண்டாம் என்று எழுதச் சொல்லி, வாங்குகிற வீட்டிலிருந்தே ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. ஃபோனில் பேசியவர் ஷீலா. தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர், வீடு முடிச்சூர். அவருடைய கணவர் சாமுவேல் பல்லாவரத்தில் தோல் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் அக்கவுன்டன்ட். சேலையூரில் இருக்கும் எங்கள் மையத்தில் மறுநாள் பரிசோதனைக்குப் பதிவு செய்திருந்தவர் அவர்தான்.

வண்டி ஒரு எஸ்டேட். செடான் போலத் தாழ்வான கார்தான், ஆனால் டிக்கி தனியாக நீட்டிக்கொண்டிருக்காது. கூரை கடைசிவரை ஓடி, பின்னால் ஒரு பெரிய கதவில் முடியும். நம் ஊரில் அதிகம் விற்காத வடிவம். அதிலும் இது சாதாரண எஸ்டேட் இல்லை. டர்போ வைத்த, முந்நூறு குதிரைத்திறனை நெருங்கும் ஐரோப்பிய பெர்ஃபார்மென்ஸ் மாடல். கம்பெனியின் பெயர் இந்தக் குறிப்புக்குத் தேவையில்லை.

ஷீலாவின் மகள் ஜெனிக்குப் பதினான்கு வயது. பிறந்ததிலிருந்தே கால்களில் பலம் கிடையாது, வீல்சேரில்தான் நடமாட்டம். கைகளில் நல்ல வலு. வீட்டில் இருக்கும் சின்ன ஹேட்ச்பேக்கின் கதவுக்குப் பக்கத்தில் சேரை நெருக்கி நிறுத்த முடியாது என்பதால் அப்பாதான் அவளைத் தூக்கி உட்காரவைப்பார். கொஞ்ச காலமாக அவள் அதற்குச் சம்மதிப்பதில்லை. பள்ளிக்குப் போவாள், அது வீல்சேரிலேயே போகிற தூரம். சர்ச், சொந்தக்காரர் வீடு, கடை, எதற்கும் வருவதில்லை. வயது வந்த பெண்ணை நாலு பேர் பார்க்கத் தெருவில் தூக்கி உள்ளே வைத்தால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று ஷீலாவே சொன்னார். ஆனால் அதற்கு இந்த வண்டிதான் பதில் என்பதை அவர் நம்பவில்லை.

“அவளுக்காகன்னு சொல்றாரு. அவளுக்கு எதுக்கு மேடம் முந்நூறு ஹார்ஸ்பவர்? காலேஜ்லேர்ந்து இருக்கற ஆசைய இப்பப் பொண்ணு பேரச் சொல்லித் தீத்துக்கப் பாக்கறாரு.”

வண்டியில் இல்லாத குறையை எழுத முடியாது என்று அவரிடம் சொன்னேன். ஆனால் ஒன்றை உறுதியாகச் சொன்னேன். பாப்பா வந்து உட்கார்ந்து பார்க்காமல் வேண்டும் என்றும் எழுத மாட்டேன், வேண்டாம் என்றும் எழுத மாட்டேன். அவள் வர மாட்டாள் என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டார்.

எங்கள் மையத்தை நடத்தும் ரகு சாரிடம் மறுநாள் வேலையைச் சொன்னேன். “எஸ்டேட்டா? போன தடவை ஒண்ணு நம்ம வாசல்ல வந்து நின்னப்போ, எதிர் வீட்டுக்காரர் சட்டைய மாட்டிக்கிட்டு ஓடி வந்து ‘யார் சார் தவறிட்டாங்க’ன்னு கேட்டாரும்மா” என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தி, இப்படிப்பட்ட வண்டியை வாங்குவதும் கஷ்டம், திரும்ப விற்பதும் கஷ்டம், ஒழுங்காகப் பார் என்றார்.

2. குளிர்ந்த இன்ஜின்

விற்பவர் கார்த்திக். மேடவாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. ஓ.எம்.ஆரில் வேலை பார்த்தவரைக் கம்பெனி சில வருஷங்களுக்கு வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. வண்டி பேஸ்மென்டில் கிடந்து வீணாகக் கூடாது என்று விற்கிறார். சாமுவேலுக்கும் எனக்கும் முன்னால் வந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். இருவரும் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை செகண்டில் தொடும் என்பது.

இந்தத் துறைக்கு வருகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். போனவுடன் முதல் வேலை, பானெட்டின் மேல் கை வைப்பது. சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்னால் யாரோ ஸ்டார்ட் செய்து ஓடவிட்டிருக்கிறார்கள் என்று பொருள். காலையில் முதல் முறை கிளம்பும்போது மட்டுமே கேட்கிற சத்தங்கள் சில உண்டு. அவற்றை மறைக்க அதுதான் வழி. கார்த்திக்கின் வண்டி தரையைப் போலக் குளிர்ந்திருந்தது. நான் கேட்பதற்கு முன்பே, ராத்திரியிலிருந்து தொடவில்லை, நீங்கள்தான் முதலில் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்றார்.

ஸ்டார்ட் செய்தேன். ஒரு முனகல்கூட இல்லை. டர்போ இன்ஜினில் நான் பயப்படுகிற இரண்டு, புகையும் இன்ஜினுக்குள் ஓடும் டைமிங் செயினின் சத்தமும். இரண்டும் இல்லை. ஸ்கேனரில் பழைய பிழைக் குறியீடு ஒன்றையும் அழித்த தடயம் இல்லை. கதவு, கூரை, பில்லர் என்று பெயின்ட் கனத்தை அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்தேன். எல்லாம் கம்பெனி பெயின்ட். நம் பக்கத்தில் வெள்ளச் சோதனையை விடவே கூடாது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தேன், கார்ப்பெட்டைத் தூக்கினேன், ஸ்டெப்னிக் குழிக்குள் விரலைவிட்டுத் தேய்த்தேன். சேறு நின்ற அடையாளம் எங்கேயும் இல்லை. சாமுவேல் என் பின்னாலேயே, தேர்வுத்தாளை டீச்சர் திருத்துவதைப் பார்க்கிற பையனைப் போல வந்துகொண்டிருந்தார்.

அடியில் படுத்துப் பார்த்தபோதுதான் ஸ்பிரிங்குகளைக் கவனித்தேன். நாலும் நீல நிறம். கம்பெனி ஸ்பிரிங் கறுப்பாக இருக்கும். கார்த்திக் வண்டியைத் தாழ்த்துவதற்காக வெளியில் வாங்கிப் போட்ட ஸ்பிரிங்குகள் அவை. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே இடைவெளி தெரியாமல் வண்டி தரையோடு ஒட்டி நின்றால்தான் அழகு என்பது இந்த வகை வண்டிக்காரர்களின் கணக்கு. எனக்கும் அந்த நிலை அழகாகத்தான் தெரிந்தது. தரமான பொருள், சுத்தமாகப் பொருத்தியிருந்தார்கள். குறித்துக்கொண்டேன்.

3. வெளிவட்டச் சாலை

வண்டலூர் பக்கம் வெளிவட்டச் சாலையில் டெஸ்ட் டிரைவ். நான் ஓட்டினேன், கார்த்திக் பக்கத்தில், சாமுவேல் பின்னால்.

எத்தனையோ வண்டிகள் ஓட்டியிருக்கிறேன். வேகமாகப் போகிற வண்டி என்றால் முரட்டுத்தனமாக இருக்கும் என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. இது அப்படி இல்லை. ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் முதுகை யாரோ உள்ளங்கையால் தள்ளியது போல இருந்தது, அவ்வளவுதான். ஸ்டியரிங்கில் நடுக்கம் இல்லை. பிரேக் என்னை இன்னும் அதிகமாகக் கவர்ந்தது. வேகத்திலிருந்து முழுவதுமாக அழுத்தி நிறுத்தினேன். முன்பக்கம் கீழே குத்தவில்லை, பின்பக்கம் அலையவில்லை, வண்டி நேர்க்கோட்டில் உட்கார்ந்தது. சக்திக்கு ஏற்ற பிரேக், அந்த பிரேக்குக்கு ஏற்ற டயர், அவற்றுக்கு ஏற்ற உடல் என்று ஒன்றையொன்று பார்த்துச் செய்திருக்கிறார்கள். குடும்பத்தோடு போகும்போது திடீரென்று மாடு குறுக்கே வந்தால் இந்த வண்டியில் இருப்பதையே நான் விரும்புவேன் என்று அன்று சாயங்காலம் அறிக்கையின் வரைவில் எழுதினேன்.

ஓட்டும் முறை சாமுவேலுக்கு வந்தபோது அவர் வேகமாக ஓட்டுவார் என்று எதிர்பார்த்தேன். இடது ஓரத்திலேயே ஐம்பதில் ஓட்டினார். ஏன் சார் என்று கார்த்திக் கேட்டதற்கு, ஒரு கையால் முன்பக்கத்து இடது இருக்கையைக் காட்டினார்.

“இங்க உக்காந்தா ஜெனி கைக்கு டேஷ்போர்டு எட்டுமான்னு பாத்துக்கிட்டிருந்தேன் தம்பி.”

அப்போது அந்த இருக்கையில் இருந்தவள் நான். அவர் என்னைப் பார்க்கவேயில்லை.

4. ஜெனி வந்தாள்

வரைவை ஷீலாவுக்கும் சாமுவேலுக்கும் சேர்த்தே அனுப்பினேன். நல்லவை ஒரு பக்கம், தொல்லைகள் ஒரு பக்கம். நல்லவை: இன்ஜின், கியர்பாக்ஸ், பாடி எல்லாம் முதல் தரம், டிக்கியில் மடித்த வீல்சேர் சக்கரத்தைக் கழற்றாமல் படுக்கும், அதற்கு மேலும் இடம் இருக்கும், எஸ்.யூ.வி. போல உயரத்தில் ஏற வேண்டாம். தொல்லைகள்: பெட்ரோலைக் குடிக்கும்; டயர் விலை அதிகம்; சில உதிரி பாகங்களுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்; நாளைக்கு விற்கப் போனால் வாங்க ஆள் தேட வேண்டும். முடிவு என்ற இடத்தைக் காலியாக விட்டேன். ஜெனி உட்கார்ந்து பார்த்த பிறகு என்று எழுதினேன்.

அந்த வெற்றிடத்தைப் பார்த்துத்தான் ஜெனி வந்தாள் என்று பிறகு தெரிந்தது. அம்மாவின் ஃபோனில் படித்துவிட்டு, “என்ன வெச்சுத்தான் முடிவு எழுதுவாங்கன்னா நான் போறேன்” என்றாளாம். பேஸ்மென்டுக்குப் போவதால் வேடிக்கை பார்க்க ஆளிருக்காது என்பதும் ஒரு காரணம். சனிக்கிழமை காலை மேடவாக்கத்தில், கடைசி முறையாக என்று சொல்லி, அப்பா அவளை ஹேட்ச்பேக்கிலிருந்து தூக்கி வீல்சேரில் வைத்தார். அவள் அந்த நேரம் முழுவதும் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவள் எஸ்டேட்டின் இடது முன்கதவை முழுவதுமாகத் திறக்கச் சொன்னாள். நீளமான கதவு, நன்றாக விரிந்தது. சேரைச் சாய்வாகக் கொண்டுபோய் இருக்கையை ஒட்டி நிறுத்தி, பிரேக் போட்டாள். சேரின் பக்கக் கைப்பிடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். ஒரு கை சேரில், ஒரு கை கார் இருக்கையில். இரண்டு உயரமும் ஏறக்குறைய ஒன்று. தோளை ஒரு தரம் உலுக்கிக்கொண்டு, கைகளை ஊன்றி, உடம்பைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள். பிறகு கால்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து உள்ளே போட்டாள்.

சாமுவேல் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தார், பிடிக்க வேண்டியிருந்தால் பிடிக்கலாம் என்று.

“அப்பா, கைய இறக்குங்க. சிலை மாதிரி நிக்கறீங்க” என்றாள் ஜெனி.

ஷீலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கார்த்திக் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

5. போர்ட்டிகோவின் சரிவு

வீட்டு வாசலில் ஒரு முறை நிறுத்திப் பார்த்துவிடலாம் என்று ஐந்து பேரும் முடிச்சூருக்குக் கிளம்பினோம். சாமுவேல் ஓட்ட, ஜெனி முன்னால். ஷீலாவும் கார்த்திக்கும் நானும் பின்னால். வீல்சேர் டிக்கியில். கேம்ப் ரோடு சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் வண்டியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, “இன்னா சார், பின்னால இவ்ளோ நீட்டா கீது, ஆம்புலன்ஸா?” என்று கேட்டார். ஜெனி கண்ணாடியை இறக்கி, “இல்லண்ணா, டாக்ஸி. பறக்கற டாக்ஸி” என்றாள். சிக்னல் விழுந்ததும் சாமுவேல், ஷீலா பின்னால் இருப்பதையும் மறந்து, கொஞ்சம் அழுத்தினார். ஆட்டோ சின்னதாகிவிட்டது. ஜெனி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள், ஷீலா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முடிச்சூர்த் தெருக்களைத் தெரிந்தவர்களுக்கு அடுத்தது என்ன என்பது தெரியும். பெருவெள்ளத்துக்குப் பிறகு அங்கே கட்டியவர்களும் திருத்திக் கட்டியவர்களும் வீட்டை உயர்த்திவிட்டார்கள். ஒருவர் உயர்த்தினால் பக்கத்து வீட்டுக்காரர் அதைவிட ஒரு படி அதிகம். வீடு மேலே போய்விட்டது, தெரு கீழே இருக்கிறது, நடுவில் இருக்கும் இடமோ கொஞ்சம். அதனால் தெருவிலிருந்து போர்ட்டிகோவுக்கு ஏறும் கான்கிரீட் சரிவு சறுக்குமரம் போல இருக்கும். சாமுவேல் வீட்டிலும் அப்படித்தான். ஜெனி போய்வருவதற்கு வீட்டின் பக்கவாட்டில் நீளமான, மெதுவான சரிவு ஒன்றைத் தனியாகக் கட்டியிருந்தார்கள். காருக்கு முன்பக்கத்துச் சரிவுதான்.

நேராக ஏற்றினார். முன்பம்பரின் கீழ்விளிம்பு கான்கிரீட்டில் உரசி ஒரு சத்தம் வந்தது. கார்த்திக் தொடையைப் பிடித்துக்கொண்டார். பின்வாங்கி, கோணலாக ஏற்றிப் பார்த்தார். இந்தத் தடவை நடுவயிறு தட்டியது. பேஸ்மென்டில் காலியாக நின்ற வண்டி வேறு. ஐந்து பேரும் வீல்சேரும் ஏறிய பிறகு அது இன்னும் ஒரு விரல் தாழ்ந்திருந்தது.

தெருவிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. ஜெனி இறங்குவதற்குச் சேரைக் கொண்டுவந்தோம். தெரு ஓரம் சாக்கடையைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. சேர் ஒரு பக்கமாகச் சரிந்து, இருக்கையோடு ஒட்டி நிற்கவில்லை. இரண்டு தடவை முயற்சி செய்தாள். அதற்குள் பின்னால் தண்ணீர் லாரி ஒன்று வந்து ஹாரன் அடித்தது. மாடியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். வேறு வழியில்லாமல் சாமுவேல் மகளைத் தூக்கினார்.

சேரில் உட்கார்ந்ததும் ஜெனி பாவாடையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். “வேணாம்பா இந்த வண்டி” என்று சொல்லிவிட்டு, பக்கவாட்டுச் சரிவில் தானே சக்கரத்தைத் தள்ளி ஏறி உள்ளே போய்விட்டாள்.

சாமுவேல் கார்த்திக்கிடம் மன்னிப்புக் கேட்டார். பம்பரைச் சரிசெய்து கொடுத்துவிடுகிறேன், எங்களுக்கு இது சரிப்படாது என்றார். விஷயம் முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

6. வேறு வண்டி

ஷீலா மட்டும் காம்பவுண்டு கதவருகே நின்று அந்தச் சரிவையும் வண்டியின் அடிவயிற்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார், கம்பெனியிலிருந்து வரும்போதே இவ்வளவு தாழ்வாகத்தான் வந்ததா என்று. இல்லை என்றேன். ஸ்பிரிங் விஷயத்தைச் சொன்னேன். பழைய ஸ்பிரிங் எங்கே என்றார். அதற்குப் பதில் கார்த்திக்கிடம்தான் இருந்தது.

இந்த வகை வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. எதை மாற்றினாலும் கழற்றிய ஒரிஜினலைத் தூக்கிப்போட மாட்டார்கள். எண்ணெய் தடவி, சுற்றி, பெட்டியில் வைத்திருப்பார்கள். கார்த்திக் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் நாலு ஸ்பிரிங்கும் இருந்தன. ஆனால் அவற்றைத் திரும்பப் போடுவதில் அவருக்கு விருப்பமில்லை. அவருக்கு அந்த வண்டி நிற்கிற விதம்தான் வண்டியே.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அத மாத்திட்டா அது வேற வண்டி.”

“எங்களுக்கு வேற வண்டிதாம்பா வேணும்” என்றார் ஷீலா.

சாமுவேல் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். இந்த வண்டிக்காக அவர் எத்தனை ராத்திரி வாதாடித் தோற்றிருப்பார் என்று அந்த முகத்தில் தெரிந்தது.

நான் ஒரு வழி சொன்னேன். எங்கள் மையத்தில் பழைய ஸ்பிரிங்கைப் போட்டுப் பார்ப்போம். சரிப்படவில்லை என்றால் நீல ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டித் தருகிறோம், வேலைக்கூலி எங்களுடையது. ஆனால் ஒரு சிக்கல் இருப்பதையும் அப்போதே சொல்லிவிட்டேன். வண்டி உயர்ந்தால் சரிவில் ஏறும். வண்டியோடு சேர்ந்து இருக்கையும் உயரும். ஜெனி அன்று காலையில் தானாக ஏறியதற்குக் காரணமே அந்தத் தாழ்வுதான்.

கார்த்திக் ஜெனி போன வழியைப் பார்த்தார். கடைசியில், “பெட்டியோட எடுத்துட்டு வரேன். ஆனா மாட்டும்போது நான் பக்கத்துல இருப்பேன்” என்றார்.

7. டில்லி அண்ணனின் வருத்தம்

எங்கள் மெக்கானிக் டில்லி அண்ணன், ஸ்பிரிங் கம்ப்ரஸரை மாட்டிக்கொண்டே வேலை முடியும்வரை புலம்பினார். “ஊர்ல கீறவன்லாம் வண்டிய எறக்கச் சொல்லி வர்றான். நீங்க நல்லா குந்திகினு இருக்கறத எழுப்பி வுடச் சொல்றீங்களே.” கார்த்திக், அவரை முதல் முறையாகப் பார்க்கிறவர், “கரெக்ட்டா சொன்னீங்கண்ணா” என்றார். இருவரும் அதற்குள் சொந்தக்காரர்களைப் போல ஆகிவிட்டார்கள்.

ஸ்பிரிங் மாற்றி, வீல் அலைன்மென்ட் முடித்து வண்டியை இறக்கினோம். சக்கரத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி தெரிந்தது. ஒரு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன். சேலையூர்ப் பள்ளங்களை முன்பைவிட நன்றாகவே விழுங்கியது. கம்பெனிக்காரர்கள் கணக்குப் போட்டுத்தான் அந்த உயரத்தை வைத்திருக்கிறார்கள். திரும்பி வந்து கார்த்திக்கிடம் சொன்னேன். எனக்குத் தெரியும் மேடம், ஆனா பாக்க நல்லால்ல என்றார்.

முடிச்சூரில் சோதனை சரியாக இருக்க, முன்பு போலவே ஐந்து பேரின் எடையும் வண்டியில் இருக்க வேண்டும். ஜெனி வண்டியில் உட்கார மாட்டேன் என்றதால், அவளுடைய எடைக்கு அரிசி மூட்டைகளை வைத்துக்கொண்டோம். சாமுவேல் சரிவில் மெதுவாக ஏற்றினார். எந்தச் சத்தமும் வரவில்லை. வண்டி போர்ட்டிகோவின் சமதரையில் போய் நின்றது.

பிறகுதான் ஜெனி வெளியே வந்தாள். அம்மா ஏதோ சொல்லிக் கூட்டிவந்தார் என்று நினைக்கிறேன். முகத்தில் விருப்பமில்லை. சேரை நிறுத்தினாள், பிரேக் போட்டாள், கையை ஊன்றினாள். நான் பயந்தபடியே ஆயிற்று. பெர்ஃபார்மென்ஸ் வண்டிகளின் இருக்கைகளில், வளைவில் உடம்பு சரியாமல் பிடித்துக்கொள்ள ஓரத்தில் ஒரு மேடு இருக்கும். வண்டி தாழ்வாக இருந்தபோது அவள் அதைத் தாண்டிவிட்டாள். இப்போது அது சுவர் போல நின்றது. பாதி உடம்பு சேரிலும் பாதி மேட்டின் மேலுமாக அப்படியே சிக்கிக்கொண்டாள்.

சாமுவேல் ஓரடி முன்னால் வந்தார்.

“தொடாதீங்கப்பா.”

அவர் நின்றார். அதுதான் அவர் அன்று செய்த மிகக் கடினமான காரியம் என்று எனக்குத் தோன்றியது. ஷீலா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது வலித்தது.

ஜெனி பிடிமானம் தேடி இருக்கையின் பக்கவாட்டில் கையைத் துழாவினாள். அங்கே, கதவுப் பக்கம், கீழே ஒரு நெம்புகோல் இருந்தது. அதைப் பற்றிக்கொண்டு உடம்பை அழுத்தினாள். டக் என்று ஒரு சத்தம். இருக்கை ஒரு துளி கீழே இறங்கியது. நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம். அவளும் பார்த்தாள். மறுபடியும் அழுத்தினாள். டக். இன்னொரு துளி. அவள் சேருக்கே திரும்பி உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, கடைசிவரைக்கும் அழுத்தி அழுத்தி இருக்கையை அடியில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

அது சாதாரண உயரம் மாற்றும் நெம்புகோல்தான். கார்த்திக்கின் அம்மா குள்ளம். அவருக்குச் சாலை தெரிவதற்காக இருக்கையை மேலே ஏற்றி வைத்திருந்திருக்கிறார்கள். பரிசோதனையின்போது நானும் அதை மேலும் கீழும் அசைத்து, வேலை செய்கிறது என்று குறித்துவிட்டு, இருந்த நிலைக்கே கொண்டுவந்து விட்டிருந்தேன். பிறருடைய வண்டியில் எதைத் தொட்டாலும் இருந்தபடி விட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அதனால் அந்த இருக்கை எங்கள் எல்லோருடைய கண்ணுக்கும் அந்த உயரத்திலேயே பிறந்தது போல இருந்துவிட்டது. வண்டியின் ஒவ்வொரு அங்கத்தையும் அலசிய பெரியவர்கள் நாலு பேரும் ஸ்பிரிங்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

ஜெனி மறுபடியும் கையை ஊன்றினாள். இந்தத் தடவை மேட்டைத் தாண்டி உள்ளே போய் விழுந்தாள். கால்களை எடுத்து வைத்தாள். கதவை இழுத்துச் சாத்தினாள். பிறகு, நாங்கள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்க, நெம்புகோலை மேல்நோக்கி அடித்து அடித்து, தன் தலை கூரைக்குக் கீழே நல்ல உயரத்துக்கு வரும்வரை இருக்கையை ஏற்றிக்கொண்டாள். ஏறுவதற்கு ஒரு உயரம், பார்ப்பதற்கு ஒரு உயரம்.

கார்த்திக் வண்டியைச் சுற்றி ஒரு தரம் வந்தார். சக்கரத்துக்கு மேல் இருந்த இடைவெளியைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். சாவியை எடுத்து சாமுவேல் கையில் வைத்தார்.

8. எனக்கு மிஞ்சியது

காலியாக இருந்த முடிவு என்ற இடத்தில் அன்று ‘வாங்கலாம்’ என்று எழுதினேன். பெட்ரோலும் டயரும் பற்றிய எச்சரிக்கைகளை எடுக்கவில்லை, அவை உண்மை. முந்நூறு குதிரைத்திறன் ஒரு குடும்பத்துக்குத் தேவையா என்று கேட்டால், தேவையில்லை என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் அந்தக் குடும்பத்துக்குத் தேவைப்பட்ட மற்ற எல்லாம், நீளமான கதவு, தாழ்வான தளம், பெரிய டிக்கி, நம்பி அழுத்தக்கூடிய பிரேக், நம் ஊரில் கிடைத்தது அந்த ஒரு வண்டியில்தான். குதிரைத்திறன் கூடவே வந்தது. வேகத்துக்காகவே செய்த ஒரு பொருள் இவ்வளவு பொறுமையாகவும் இருக்க முடியும் என்பதை நான் பாடப் புத்தகத்தில் படிக்கவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது சின்ன விஷயம். வண்டியைக் காலியாகப் பரிசோதிக்காதீர்கள். யார் எந்த இருக்கையில் உட்காரப் போகிறார்களோ அவர்களை அங்கே உட்காரவையுங்கள். அவர்களுடைய வாசலிலேயே நிறுத்திப் பாருங்கள். ஒரு பொருள் வேலை செய்கிறது என்று குறிப்பதோடு நிறுத்திவிடாமல், அது அவர்களில் யாருக்கு வேலை செய்யும் என்று ஒரு முறை யோசியுங்கள். மீட்டரும் ஸ்கேனரும் வண்டியைத்தான் அளக்கும்.

முதல் சர்வீஸ் எப்போது என்று கேட்பதற்காக ஷீலா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டார். பின்னணியில் விடாமல் ஹாரன் சத்தம். என்ன என்று கேட்டேன்.

“ஜெனிதான் மேடம். சர்ச்சுக்குக் கிளம்பணும். முன்னாடியெல்லாம் அவங்கப்பா போய்த் தூக்கற வரைக்கும் அவ உக்காந்திருப்பா. இப்ப நாங்க ரெண்டு பேரும் வீடு பூட்டறதுக்குள்ள அவ ஏறி உக்காந்துக்கிட்டு, எட்டி ஹாரன அடிக்கறா. தெருவே எங்களத்தான் பாக்குது, பேஜார்.” பிறகு ஃபோனை விலக்கிப் பிடித்துக்கொண்டு, “வரோம்டீ, இரு” என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. ஹாரன் நிற்கவில்லை.